இரண்டையும் நான் பார்த்ததில்லை

முப்பத்தோரு வருஷமாக இதே நோட்டு.
கறுப்பு அட்டை, முதுகில் துணி நாடா.
தேதி, காற்று, அலை, யார் பார்த்தார், எத்தனை திமில்.
ஸ்டோர்ஷோன் ஏரிப் படகில்
டிக்கெட் கிழிக்கிறவன் நான்.
இறங்குகிறவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வது
சம்பளத்தில் சேராது.

எழுபத்தெட்டு ஜூலை: மூன்று திமில், எர்லிங்கின் மாமியார்.
எண்பத்து நான்கு: நாய்த்தலை, காது இல்லை.
அதே நாள் மாலை, வேறொருவர்: காது உண்டு.

அரசாங்கம் ஒருமுறை அதற்காகச் சட்டம் போட்டது.
கொல்லக் கூடாது, பிடிக்கக் கூடாது,
முட்டையைத் தொடக் கூடாது.
பத்தொன்பது வருஷம் இருந்தது சட்டம்.
இல்லாததை எப்படிக் காப்பது என்று
யாரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டிருக்க வேண்டும்,
எடுத்துவிட்டார்கள்.
அந்த வாரமும் ஒருவர் பார்த்தார். எழுதியிருக்கிறேன்.

நான் பார்த்ததில்லை.
மரக்கட்டை பார்த்திருக்கிறேன். நீர்நாய். ஒருமுறை
நீந்திக் கடந்த மூஸ் மான்;
முதுகைத் திமில் என்று நம்பிப் பென்சிலை எடுத்தேன்,
கொம்பு தெரிந்ததும்
காதிலேயே செருகிக்கொண்டேன்.

போன இலையுதிர்காலத்தில் சர்க்கரை ஏறியது.
நர்ஸ் மார்யாட்டா பேனா மாதிரி ஒன்றைத் தந்தாள்.
காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு முன்,
வயிற்றுச் சதையைக் கிள்ளி.
எதிலிருந்து வந்தது தெரியுமா என்றாள்.

ஹீலா என்றொரு பல்லி. அரிசோனாப் பாலைவனம்.
முழங்கை நீளம்.
கறுப்பும் இளஞ்சிவப்பும் மணி கோத்துத்
தைத்தாற்போல் தோல்.
கீழ்த்தாடையில் நஞ்சு.
கடித்தால் உடும்புப்பிடி,
பல்லின் பள்ளம் வழியே நஞ்சு ஊறி ஏறும்வரை
விடாமல் மென்றுகொண்டே இருக்குமாம்.
அந்த ஊர்க்காரர்களும் அதை அரக்கன் என்றுதான் சொல்கிறார்களாம்.
வருஷத்துக்கு நாலைந்து வேளை தின்றால் போதும்,
மற்ற நாளெல்லாம் மண்ணுக்கு அடியில்.
'பிறகு எப்படிச் சர்க்கரை ஏறும் அதற்கு' என்றேன்.

அப்படியானால் இது அதன் எச்சிலா?
இல்லை என்றாள் மார்யாட்டா,
எச்சிலில் இருந்த ஒன்றின் நகல்,
தொழிற்சாலையில் செய்தது,
பல்லிக்கே தெரியாது.

வீட்டில் குன்வோர்
ஹெர்ரிங் ஜாடிக்கும் வெண்ணெய்க்கும் நடுவே
அதற்கு இடம் ஒதுக்கினாள்.
'உன் மிருகம் கடைசியில் வீட்டுக்கே வந்துவிட்டது,
எரிந்த விளக்குக் காசெல்லாம் மிச்சம்.'
சிரித்தாள்.
நான் நோட்டை எடுத்தேன்.
காற்று: இல்லை. அலை: இல்லை.
பார்த்தவர்: யாருமில்லை.
இடம்: தொப்புளுக்கு இடப்பக்கம், மூன்று விரல் தள்ளி.

முதல் மாதம் குமட்டியது.
படகின் பின்பக்கம் போய், பயணிகள் பார்க்காமல்,
ஏரிக்குள்ளேயே வாந்தியெடுத்தேன்.
கடிபட்டவர்களுக்கும் குமட்டும் என்று
மார்யாட்டா சொன்னபோதுதான்
அந்தப் பல்லி இருக்கிறது என்று எனக்குப் பட்டது.
அதுவரை அதுவும் எர்லிங்கின் மாமியார் சொன்னதைப் போலத்தான்,
மூன்று திமில் முன்னே பின்னே.

பிப்ரவரியில் பனிக்கு மேல் ஸ்டூல் போட்டு
துளையில் தூண்டிலை விட்டு உட்கார்ந்தேன்.
மருந்து உறையக் கூடாது,
உறைந்தால் வீண்.
ஆகவே பாலைவனத்துப் பிராணியை
இரண்டு கம்பளிச் சட்டைக்கு உள்ளே,
அக்குளோடு சேர்த்துக் கட்டியிருந்தேன்.

மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியது.
அப்போது வந்தது அந்தச் சத்தம்,
ஃப்ரோசோன் தீவுப் பக்கம் கிளம்பி,
என் காலடியைக் கடந்து,
தெற்கே எங்கோ போய் முடிந்தது.
பனி விரிகிற சத்தம். யெம்ட்லாந்தில்
மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

துளைக்குள் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறி
இறங்கியது.

நோட்டு வீட்டில் இருந்தது.
கையுறையைப் பல்லால் உருவிக்கொண்டு
சட்டைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.